டோலக் நிற்கும் இடம்

"அக்கா, தப்பா நெனச்சுக்கிடாதீங்க" என்று தயங்கித் தொடங்கும் அந்தக் குரல் பதிவை ஜெசிந்தா மூன்றாவது முறையாக ஓடவிட்டாள். கோவில்பட்டி சந்தனகுமார்தான். கோயில் கொடைத் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கீபோர்டு வாசிக்கிறவன். நேரில் பார்த்ததில்லை, ஆறேழு மாதமாக அவளிடம் கீபோர்டில் பின்னணியாக ஓடும் ஸ்டைல் வாங்குகிறான். "பீட்டு சும்மா அள்ளுதுக்கா. ஆனா டோலக்கு, தவிலு எல்லாம் ஒரு பக்கமா இழுக்கு. இடது ஸ்பீக்கர் பாக்ஸுல போயி குமிஞ்சு கெடக்கு. வயர மாத்திச் சொருவுனா வலது பாக்ஸுக்குப் போயிருது. அப்பம் பாக்ஸு மேல கொற இல்லல்லா? சனிக்கிழம புரோகிராம். கொஞ்சம் என்னான்னு பாருங்கக்கா." மரியாதையாகத்தான் பேசினான். அந்த மரியாதைதான் எரிச்சலைக் கிளப்பியது. பன்னிரண்டு வருஷம் மேடையில் வாசித்தவளிடம், கையில் குழந்தை வந்த பிறகு வீட்டிலிருந்தே இருநூறு ஸ்டைலுக்கு மேல் செய்து கொடுத்தவளிடம், இழுக்குதாம். குமிஞ்சு கெடக்குதாம். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள்ளேயே நாலைந்து விதமாகப் பேசிப் பார்த்தாள். தம்பி, முதல்ல உங்க மிக்ஸரப் பாருங்க. தம்பி, நான் நேத்து சாயங்காலம் அனுப்புமுன்னால மூணு தடவ கேட்டேன். தம்பி, உங்க காதப் பாருங்க. கடைசி வாக்கியம் வந்ததும் ஏனோ மனசு அங்கேயே நின்றுவிட்டது, சேலை முந்தி ஆணியில் மாட்டின மாதிரி. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மகள் ஷெரின் பள்ளிக்கூடம் போயாயிற்று. கணவர் பிரிட்டோ உப்புக் கம்பெனி எடைமேடை வேலைக்குப் போயாயிற்று. முன்னறையில் மேசை, கம்ப்யூட்டர், பக்கத்தில் கீபோர்டு, மேலே சுற்றுகிற காற்றாடி. எல்லாம் நேற்று இருந்தபடியே இருந்தன.

ஹெட்போனை எடுத்து மாட்டி ஓடவிட்டாள். இன்ட்ரோ நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, பிறகு மெயின். டோலக் வந்து விழுந்தது. எங்கே இழுக்கிறது? இரண்டு புருவத்துக்கும் நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில், அடித்து வைத்தாற்போல் நின்றது. தவில் அதற்குக் கொஞ்சம் பின்னால். பேஸ் அடியில். இதைவிட நேராக ஒன்றை வைக்க முடியுமா? அவளுடைய வேலையே இதுதான். கீபோர்டு வாசிக்கிறவன் இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால், பின்னால் டிரம்ஸ், டோலக், பேஸ், கிட்டார் என்று ஒரு கூட்டமே தானாக வாசிக்கும். அந்தக் கூட்டத்தின் பேர்தான் ஸ்டைல். கீபோர்டோடு வருகிற ஸ்டைல்கள் வெளிநாட்டு நடனத்துக்கு ஆனவை. கொடைக்கும் குத்துக்கும் கும்மிக்கும் அதில் ஒன்றும் இராது. அதை இவள் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வாசித்து, இன்ட்ரோ, மெயின், ஃபில், எண்டிங் என்று பிரித்து, கீபோர்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றி அனுப்புவாள். அவன் அதை பென் டிரைவில் போட்டுக்கொண்டு மேடை ஏறுவான். அதில் ஒவ்வொரு வாத்தியமும் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று வைப்பதற்கு ஒரு குமிழ் உண்டு. அதற்குப் பேன் என்று பேர். ஷெரின் முதல் தடவை அந்தப் பேரைக் கேட்டுத் தலையைச் சொறிந்து காட்டிச் சிரித்தாள். ஜெசிந்தா அந்தக் குமிழை எண்ணைப் பார்த்து வைப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொள்வாள், மெல்லத் திருப்புவாள், டோலக் நகர்ந்து நகர்ந்து பொட்டு வைக்கிற இடத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிடுவாள். மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வாள், நான் எல்லாம் காதுக் கணக்குத்தான் என்று. இன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

பூஜ்யத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரை. நடு என்பது அறுபத்து நான்கு. நாற்பத்தொன்று என்றால் நடு இல்லை, நல்ல இடது. கை பட்டுத் திரும்பியிருக்கும். அப்படித்தான் இருக்கும், நேற்று சாயங்காலம் ஷெரின் வந்து மேசையில் சாய்ந்தாள் இல்லையா. தவிலைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. மோளம் நாற்பத்தேழு. மூன்றுமா கை பட்டுத் திரும்பும்? சரி, அறுபத்து நாலில் வைத்துத்தான் பார்ப்போமே என்று எண்ணைத் தட்டினாள். டோலக் பொட்டைவிட்டுக் கிளம்பி வலது கன்னத்துக்குப் போய்விட்டது. சிரிப்பு வந்தது அவளுக்கு. பார்த்தியா, இதுதான் தப்பு, நான் வைத்ததுதான் சரி. உடனே பழைய எண்ணுக்கே கொண்டு வந்தாள். டோலக் நடுவில் வந்து உட்கார்ந்தது, அடங்கின பிள்ளை மாதிரி. ஆனால் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற இரண்டு பச்சைக் கோடுகள் இருக்கின்றனவே, அவை வேறு கதை சொல்லின. இடது கோடு எகிறி எகிறிக் குதித்தது. வலது கோடு பாதிக்கு வந்து திரும்பிற்று. மறுபடி அறுபத்து நாலு. இரண்டு கோடும் ஜோடி போட்டு ஏறின, ஜோடி போட்டு இறங்கின, காதில் மட்டும் டோலக் வலப்பக்கம் ஒண்டி நின்றது. சிரிப்பு போய்விட்டது. சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு. இல்லை, போன மாதம் சர்ச் பாடல் குழுவுக்குச் செய்ததும் இதே சாஃப்ட்வேர்தான், யாரும் குறை சொல்லவில்லை. அப்படியானால் ஹெட்போன். ஆமாம், ஹெட்போன்தான்! வாங்கி மூன்று வருஷம் ஆயிற்று. உறை உரிந்து கறுப்புச் செதிலாகக் காதோரம் ஒட்டிக்கொள்கிறது. இடது பக்கம் செத்துக்கொண்டு வருகிறது, அதனால் அந்தப் பக்கம் சத்தம் குறைகிறது, அதனால் நான் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. சோதிப்பதற்கும் வழி சுலபம். கழற்றித் திருப்பி மாட்டினால் போதும், இடது உறை வலது காதுக்கும் வலது உறை இடது காதுக்கும் வரும்படி. ஹெட்போன் மேல் குறை என்றால், திருப்பினாலும் டோலக் நடுவிலேயே நிற்கும். குறை வேறெங்காவது என்றால் நிற்காது. அரை நிமிஷ வேலை. கையைத் தூக்கி ஹெட்போனின் இரண்டு பக்கமும் பிடித்தாள். அப்போது குக்கர் விசிலடித்தது.

எழுந்துவிட்டாள். சந்தோஷமாக எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம். இது எத்தனையாவது விசில்? ஒன்றா, மூன்றா? ஹெட்போன் மாட்டியிருந்தபோது கேட்டிருக்காது, அவ்வளவுதான். யாருக்குத்தான் கேட்கும். அடுப்படி, மேசையில் உட்கார்ந்தால் இடது கைப் பக்கம். அதுவும் ஒன்றுமில்லை, வீடு கட்டினவன் அப்படிக் கட்டியிருக்கிறான். அடுப்பு முன்னால் நின்று அடுத்த விசிலுக்குக் காத்திருந்தாள். ஆவி கசிந்து மெல்லிய நூலாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது. அம்மா இப்படித்தான் நிற்பாள். மற்ற வீட்டுப் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டே உள்ளே விசிலை எண்ணுவார்கள், அம்மா குக்கர் முன்னாலேயே நிற்பாள், குண்டு குதிப்பதைக் கண்ணால் எண்ணுவாள். தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்குக் காது மந்தம் விழுந்தது. முதலில் ஒன்று, பிறகு இரண்டாவது. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயசு இருக்கும். ஜெசிந்தாவுக்கு இப்போது முப்பத்தேழு. இல்லை, அந்தக் கணக்கு வேண்டாம். எண்ணெய் காய்ச்சி விட்டார்கள், ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள், அப்படியே விட்டும் விட்டார்கள். அவளும் தம்பியும் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். அம்மா எதிரே நின்றுகொண்டு சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். அம்மா முகம் மாறும், கிட்டே வருவாள், "என்ன மக்கா? என்ன சொல்லுதிய?" என்பாள். இன்னும் அசைப்பார்கள். அம்மா தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் காதைத் தட்டி, "இன்னைக்கி ஒண்ணுமே கேக்கலியே" என்று பயந்துபோவாள். அந்தப் பயம் வேண்டும் என்றுதான் செய்தார்கள், அதுதான் சிரிப்பு. யார் முதலில் செய்தது? தம்பி என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். விசில் வந்தது. அடுப்பை அணைத்தாள். ஆவி அடங்கித் திறந்தபோது சாதம் குழைந்திருந்தது, நாலு விசில் ஆகியிருக்க வேண்டும்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் ஹெட்போனைத் தொடவில்லை. அதற்குப் பதில் பழைய கோப்புகளைத் திறந்தாள். ஹெட்போன் எப்போதிலிருந்து கெட்டுப்போகத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளலாமே. அது ஒரு நியாயமான வேலை. முதல் வருஷம் செய்த கும்மி ஸ்டைல், ஷெரின் தொட்டிலில் கிடந்தபோது செய்தது: டோலக் அறுபத்து நான்கு. இன்னொன்று, அறுபத்து மூன்று. அறுபத்தைந்து. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு வைத்த எண்களா இவை! நாலு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்மஸ் ஸ்டைல்: அறுபத்தொன்று. சரி. அடுத்த வருஷக் கொடைக்குச் செய்தது: ஐம்பத்தெட்டு. ஐம்பத்தாறு. இந்த ஹெட்போன் வாங்கியது அதற்கும் பிறகு. அந்தத் தேதி அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது, ஈஸ்டருக்கு மறுநாள் பிரிட்டோ வாங்கி வந்தார். ஆனால் எண் அதற்கு முன்னாலேயே இறங்கத் தொடங்கியிருந்தது. ஐம்பத்து நான்கு, ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது. ஒரு கோப்பும் சத்தம் போட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் திறந்தபோது அவள் அன்றைக்கு வைத்த இடம் அப்படியே இருந்தது, அன்றைக்கு அவளுக்கு நடு என்று பட்ட இடம். நாற்பத்தேழு. நாற்பத்து நான்கு. நடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போயிருக்கிறது, அவளும் அதைத் தொடர்ந்து பின்னாலேயே போயிருக்கிறாள், நேராகத்தான் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. இருநூறு ஸ்டைல். எத்தனை மேடையில், எத்தனை கோயிலில், எத்தனை கல்யாண மண்டபத்தில் அவை இந்நேரம் சாய்ந்து நின்று வாசித்துக்கொண்டிருக்கின்றனவோ. நாசரேத்தில் ஒருவர், சர்ச்சில் வாசிக்கிறவர், எட்டு மாதத்துக்கு முன் இதையேதான் சொன்னார். "சிஸ்டர், லேசா ஒரு சாய்வு இருக்கோ?" என்று கேட்டார். அவரை அவள் என்ன பாடு படுத்தினாள்! பிடிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம் என்று எழுதி, அவர் போன் நம்பரையே முடக்கிவிட்டாள். அன்றைக்குப் போயிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்குமே. எதற்கு மிச்சம்? எங்கே போயிருந்தால்? அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை.

முடிக்காவிட்டாலும் மற்றவை தாமாக வரத் தொடங்கின, கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஷெரின் படுக்கையில் அவளுக்கு இடப்பக்கம்தான் படுப்பாள், கதை சொல்லிக்கொண்டே. ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டாள். "நான் அங்க படுத்தா நீ ம் கொட்ட மாட்டேங்க" என்றாள். பிள்ளைக் கோபம் என்று ஜெசிந்தா விட்டுவிட்டாள். மீன் மார்க்கெட் முக்கில் ஷேர் ஆட்டோ ஒன்று இடித்துவிடுகிற மாதிரி வந்து நின்றது, "காது செவிடா?" என்று கத்தினான், ஆட்டோக்காரன் எல்லோரிடமும்தான் அப்படிக் கத்துவான். பிறகு தூக்கம். ஒரு வருஷமாக அவளுக்கு நல்ல தூக்கம். முன்பெல்லாம் காற்றாடி கிறீச்சிடும், அடுத்த வீட்டுக் கைக்குழந்தை அழும், துறைமுகத்தில் கப்பல் ஊதும், எல்லாவற்றுக்கும் விழிப்பாள். இப்போது வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உலகமே அடங்கிவிடுகிறது. ஆண்டவரே, கடைசியில் எனக்கும் நிம்மதியான தூக்கம் கொடுத்தீர் என்று ஜெபத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள். நன்றி சொல்லியிருக்கிறாள்! இதற்கா? இடது கையை உயர்த்திக் காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். கேட்டதா? கேட்ட மாதிரி இருந்தது. வலப்பக்கம் தேய்த்தாள். சரசரவென்று வைக்கோல் மாதிரி கேட்டது. மறுபடி இடது. விரல் தேய்ப்பது தோலுக்குத் தெரிகிறதா, காதுக்குத் தெரிகிறதா என்று பிரிக்க முடியவில்லை. ஊரில் என்ன பேசுவார்கள்? செவிடி போட்ட ஸ்டைல் என்று யாராவது ஒருத்தன் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவான், நூறு பேர் சிரிப்பார்கள். அது போகட்டும். ஒரு காது போனால் இன்னொன்று இருக்கிறது, ஒற்றைக் காதோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு முதலில் ஒன்று, பிறகு இரண்டாவது. நடுவில் எத்தனை வருஷம்? யாரும் எண்ணி வைக்கவில்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவும் இல்லை. அப்புறம் ஷெரின். ஷெரினுக்குச் சின்னக் காது, உட்பக்கம் மடிந்து, அப்படியே அம்மாவின் காது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த நினைப்பு வந்ததும் ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். எழுந்து நின்று என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. பிரிட்டோ. எடைமேடையில் லாரி வரிசை ஓய்ந்தால் பன்னிரண்டு மணி வாக்கில் கூப்பிடுவார். எடுத்துக் காதில் வைத்தாள். வலது காதில். வலது கையில் மவுஸ் இருந்தது, அதை விட்டுவிட்டு, போனை இந்தக் கைக்கு மாற்றி, வலது காதில்.

"சாப்டியா?"

"இனிமதான்."

"ஷெரினுக்கு நோட்டு வாங்கணும்னு சொன்னாளே, எத்தன கோடு?" என்றார். "ஏட்டி, இருக்கியா?"

"என்னங்க." எப்படிக் கேட்பது? சும்மா கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். "நீங்க முன்னயெல்லாம் சாப்பிடும்போது எனக்கு இந்தக் கைப் பக்கம் உக்காருவீங்க. இப்பம் எதுக்கு மாறி உக்காருதிய?"

"எந்தக் கை?"

"இடது கை."

அந்தப் பக்கம் ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம். "அதுவா? அந்தப் பக்கம் இருந்து பேசுனா நீ ஒண்ணும் சொல்ல மாட்டியே. ஏதோ கோவத்துல இருக்கன்னு நெனப்பேன். எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து பேசுனா பதில் சொல்லிருவ. சரி, அப்படியே பழகிப்போச்சு."

"எம்புட்டு நாளா?"

"அது ஆச்சு ஒரு வருசம். ஏன், இப்பம் என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அழுதியா?"

"ரெண்டு கோடு நோட்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு வருஷமாக இந்த மனுஷன் அவள் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன கோபம் என்று ஒருநாள் கேட்கவில்லை. கேட்டிருப்பாரோ? இடப்பக்கம் இருந்து கேட்டிருப்பாரோ? என்னவெல்லாம் கேட்டாரோ, அவள் எதற்கெல்லாம் பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாளோ.

இனி வேறு வழியில்லை என்று ஆனபோது அவள் கை தானாகவே ஹெட்போனை எடுத்தது. அப்போதும் ஒரு நப்பாசை ஓரத்தில் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹெட்போனும் கெட்டிருக்கலாம், பிரிட்டோ சொல்வது வேறு ஏதாவதாக இருக்கலாம், எண்கள் எல்லாம் தற்செயலாக இருக்கலாம். திருப்பி மாட்டினாள். உறை காதில் பொருந்தாமல் கோணலாக உட்கார்ந்தது. நேற்றைய ஸ்டைலை, நாற்பத்தொன்றில் நிற்கிற டோலக்கோடு, ஓடவிட்டாள். நடுவில் நில், நடுவில் நில் என்று உதடு முணுமுணுத்தது. டோலக் நிற்கவில்லை. வள்ளத்தில் எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து ஓடினால் எப்படி இருக்கும், அப்படி டோலக், தவில், மோளம் மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் கொட்டின. வலது காதில் அடி இடியாக விழுந்தது. இடது காதில், வெகு தூரத்தில், மூடின வீட்டுக்குள் யாரோ பாய் தட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. வலது காது மேல் இருந்த உறையை மட்டும் விரலால் விலக்கினாள். பாய் தட்டுகிற சத்தம்தான் மிச்சம் இருந்தது. பக்கத்தில் பச்சைக் கோடு எகிறிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்து, ஒரே எட்டு பாரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அழுகை வரவில்லை. தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று சொல்கிறார்களே, அது பொய். தெரியாதவரை பயம் ஒரு மூலையில் இருந்தது. இப்போது உட்கார இடம் கிடைத்துவிட்டது அதற்கு.

ஆனாலும் சனிக்கிழமை புரோகிராம் இருக்கிறது. ஹெட்போனைச் சரியாக மாட்டினாள். டோலக்கைத் தேர்ந்தெடுத்து எண்ணைத் தட்டினாள். ஆறு, நான்கு. தவில், ஆறு, நான்கு. மோளத்தை லேசாக வலப்பக்கம் தள்ளி வைப்பதுதான் அவள் வழக்கம். எழுபது என்று போட்டாள். இன்ட்ரோவில், மெயின் நான்கிலும், ஃபில் ஒவ்வொன்றிலும், எண்டிங்கில். ஒவ்வொன்றும் அவள் காதில் பிசகிப் பிசகி வலப்பக்கம் போய் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விட்டுவைத்தாள். நேராக இருப்பதைக் கோணல் என்று காது சொல்ல, கோணல் இல்லை என்று கண் சொல்ல, காதை நம்பாதே நம்பாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலை செய்வது இதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு தடவை கை தானாகக் குமிழுக்குப் போய் டோலக்கை ஐம்பதுக்குத் திருப்பிவிட்டது. திரும்ப அறுபத்து நான்கு. முடிந்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடி முழுசாக ஒருமுறை கேட்டாள். இதைவிட மோசமாக அவள் ஒரு ஸ்டைல் செய்ததில்லை. அப்படித்தான் கேட்டது. வேறு யாராவது செய்து அனுப்பியிருந்தால், இது என்ன லட்சணம் என்று திருப்பி அனுப்பியிருப்பாள். மாற்றி, கோப்பாக்கி, சந்தனகுமாருக்கு அனுப்பினாள். பதில் வராமல் இருந்தால் நல்லது என்று இருந்தது. இன்னமும் இழுக்குதுக்கா என்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அப்போது பச்சைக் கோடு பொய், எண்கள் பொய், சாஃப்ட்வேர் பொய்.

கால் மணி நேரத்தில் வந்தது. போனை மேசையில் வைத்து ஓடவிட்டாள். "அக்கா! இப்பம்தான்க்கா நேரா நிக்கி! நெஞ்சுல வந்து அடிக்கி டோலக்கு. எங்க அண்ணன் பாக்ஸுக்கு முன்னால நின்னு கேட்டுட்டு, யார்ல செஞ்சதுங்காப்ல. என்னக்கா செஞ்சிய?" பின்னால் யாரோ ஸ்டைலை ஓடவிட்டிருந்தார்கள். போனின் சின்ன ஒலிபெருக்கியில் அது கரகரவென்று வந்தது. நல்ல வேலைதான். அவள் செய்ததுதான். அவளால்தான் அதை இனி அது இருக்கிறபடி கேட்க முடியாது. ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

பாளை ரோட்டில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி இருக்கிறது, ஷெரினுக்குச் சளி கட்டினபோது போன இடம். சீட்டைப் பழைய மருந்து டப்பாவில் தேடி எடுத்தாள். நம்பரைப் போட்டுவிட்டு மணி அடிக்கும்போது வைத்துவிட்டாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி போட்டாள். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள், பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம், பேர் கூப்பிடுகிற சத்தம்.

"சொல்லுங்க."

"டாக்டரப் பாக்கணும்."

"யாருக்கும்மா? கொழந்தைக்கா, பெரியவங்களுக்கா?"

ஜெசிந்தா சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். குரல் தொண்டையைத் தாண்டி வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

"யாருக்கு?"

மறுபடி சொன்னாள். வாசலில் அடுத்த வீட்டு மரிய செல்வம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

"கேக்கலம்மா," என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் எரிச்சலாக. "இங்க ஒரே சத்தம். சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காதுல விழல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிற்று. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள் அவள், வெட்கமும் இல்லாமல் பயமும் இல்லாமல். போனை வலது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்குத்தான். இடது காது கேக்கல."

கொடியில் துணியைப் போட்டுக்கொண்டிருந்த மரிய செல்வம் திரும்பிப் பார்த்தாள்.